ஆடுற இடம் எங்கை பிள்ளை?

பெரியம்மாவின் அலஸ்தோட்டத்து வீடு நாலு வருசமாகப் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் கனடாவில், பெரியப்பா போனபிறகு அவர் திருகோணமலை டவுனில் எங்களோடுதான் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை போய்க் கூட்டிப் பெருக்கி, ஓட்டுக்குள் கூடு கட்டிய அணிலைத் திட்டிவிட்டு வருவார். இந்த வருசம் மாசியில் திடீரென்று, "வீட்டைக் கம்பஸ் பிள்ளையளுக்குப் போடிங்காக் குடுப்பம், நீ ஒரு பிளான் கீறு" என்றார். நல்ல யோசனைதான். நிலாவெளி ரோட்டில் பஸ் ஏறினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் கிட்ட, ஹொஸ்டலில் எல்லோருக்கும் எல்லா வருசமும் இடம் கிடைப்பதில்லை, பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையான அறை தேடி அலைகிற பெற்றோரை நானே எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

பிளான் கீறுவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை என்பதால் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். நடுவில் ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் மும்மூன்று அறை, அறைக்கு இரண்டு கட்டில், கோடியில் மூன்று குளியலறை. பன்னிரண்டு பேர், ஒரு சதுர அடிகூட வீண் போகவில்லை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சரி, ஆடுற இடம் எங்கை பிள்ளை?"

"போடிங்குக்கு ஏன் பெரியம்மா ஆடுற இடம்?"

"முப்பத்தொரு வருசம் நான் ஆடப் பழக்கின வீடு. அதில நித்திரை கொள்ள மட்டும் ஆக்களை விடச் சொல்லுறியோ?"

அவர் நடன ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆனால் வரப்போகிறவர்கள் நடனம் படிக்கிற பிள்ளைகள் இல்லையே என்று நான் வாதாடினேன். சங்கீதம், நடனம், நாடகம் என்று பட்டத்துக்குப் படிக்க விரும்புகிறவர்கள் மட்டக்களப்புக் கல்லடிக்குப் போவார்கள், இல்லையென்றால் யாழ்ப்பாணம் மருதனார்மடத்துக்குப் போவார்கள். கோணேசபுரிக்கு வருகிறவர்கள் சித்த மருத்துவம், கணினி, தொடர்பாடல், வியாபாரக் கற்கை என்று வருகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு ஆடுகிற இடம்? பெரியம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை வீடு பார்க்க நாலு பிள்ளைகள் வந்தபோது, வாடகையைப் பற்றி ஒரு சொல் பேசாமல், "நீங்கள் என்ன பழகினீங்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

வவுனியாப் பிள்ளை வயலின், வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனையில் ஐந்தாம் தரம் வரை. ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் சுவர் நிறையப் படம் கீறியவள். கிண்ணியாப் பிள்ளை கவிதை எழுதுவாள், "வாசிச்சுக் காட்ட மாட்டன் ரீச்சர்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நாலாவது பிள்ளை மட்டக்களப்புப் பக்கம், தகப்பன் வடமோடிக் கூத்தில் அரச வேசம் கட்டுகிறவர், அவளுக்குத் தாளக்கட்டு முழுக்கப் பாடம். நாலு பேரும் உயர்தரத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டியவர்கள். வயலின் எங்கே என்று கேட்டேன். "வீட்டில, கட்டிலுக்குக் கீழ, பெட்டிக்குள்ள அக்கா."

இது அந்த நாலு பேரின் கதை மட்டும் இல்லை. எங்கள் ஊர்களில் பத்துப் பன்னிரண்டு வருசம் சனிக்கிழமை விடியவே எழுப்பி, வகுப்புக்கு ஏற்றி இறக்கி, சபைச் சோதனைக்குக் காசு கட்டி, சிலர் கலாவித்தகர் பட்டம் வரைக்கும்கூடப் போவார்கள். கம்பஸ் கிடைத்த அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். ஒருவரும் நிறுத்தச் சொல்வதில்லை. வைத்து வாசிக்க இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரு அறையில் நாலு கட்டில் போட்டிருந்தால் வயலினை எந்த மூலையில் எடுப்பது?

அன்றிரவு என்னுடைய பிளானை மறுபடி எடுத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் கீறியிருந்தது நான் படித்த காலத்தில் இருந்த ஹொஸ்டலை. ஊர் பெயர் வேண்டாம். அங்கேயும் ஒரு நீள நடை. அதன் இரண்டு அந்தத்திலும் கதிரை போட்டு இருந்தால் யார் போகிறார், யார் வருகிறார் என்று முழுவதையும் கட்டியாளலாம், சீனியர்மார் அதைத்தான் செய்தார்கள். பகிடிவதைக்கு (ராகிங்குக்கு) எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டத்துக்கு அந்த நடை தெரியாது. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சித்திர அறையும் இருந்தது. நல்ல அறை, பெரிய யன்னல்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டுவார்கள், எங்களுக்கு விரிவுரை முடிவதும் நாலு மணிக்கு. இரண்டு வருசத்தில் நான் அதற்குள் போனது ஐந்து தரம். நான் வாங்கிக் கொடுத்த நிறக்குழாய்கள் அங்கேயே காய்ந்து கல்லாகிப் போயின.

ஆக, கலைக்கென்று ஒரு அறையை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும், தெரிந்தும் என் கை பழைய நடையைத்தான் கீறியது. பிறகு கொஞ்சம் தேடி வாசித்தேன். ஜேர்மனியில் டெசோ நகரத்தில் வால்ட்டர் குரோப்பியஸ் கட்டி 1926இல் திறந்த பௌஹவுஸ் கலைப் பள்ளிக் கட்டடம், படம் பார்க்காதவர்கள் குறைவு, எல்லோரும் அதன் கண்ணாடிச் சுவரைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. மாணவர்கள் தங்கி வேலை செய்ய 28 அறைகள் ஒரு பகுதியில், அவர்கள் சாப்பிடும் கன்ரீன் அதை ஒட்டி, கன்ரீனுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மேடை. மேடையின் இரண்டு பக்கமும் திறக்கும். திறந்தால் சாப்பிடுகிற இடம், ஆடுகிற இடம், பார்க்கிற இடம் மூன்றும் ஒன்று. சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒத்திகை காதில் விழும். மேடையை ஒரு தனி மாளிகையாக ஆக்கி ஆண்டுக்கொருமுறை குத்துவிளக்கேற்றித் திறக்காமல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்களே, அந்தப் புத்தி எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2007இல் கலைக்கும் மானிடப் பண்பியலுக்கும் என்று ஒரு வதிவிடக் கல்லூரியே தொடங்கியிருக்கிறது. தங்குமிடம், வகுப்பு, கலைக்கூடம், அரங்கு எல்லாம் ஒரே கட்டடத்தில், பிள்ளைகள் வீட்டுச் செருப்போடே வகுப்புக்குப் போகலாம். அங்கே காசு இருக்கிறது, எங்களிடம் இருப்பது 28 பேர்ச் காணியும் ஒரு பழைய ஓட்டு வீடும். (28 அறை, 28 பேர்ச். பெரியம்மா இதை நல்ல சகுனம் என்கிறார், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.) காசில்லாமல் செய்தவர்கள் என்றால் வட கரோலைனாவின் பிளாக் மவுண்டன் கல்லூரி, 1933இல் தொடங்கி, தோட்டம் செய்து, கட்டடத்தைக்கூடப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து கட்டி, கடைசியில் காசு முட்டுப்பட்டு 1957இல் மூடினார்கள். சென்னைக்கு வெளியே 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்னும் இருக்கிறது. அங்கே ஓவியர்கள் பத்திக் துணியும் கைப்பணியும் விற்றுத்தான் காணி வாங்கினார்கள். அதை வாசித்தபிறகு எனக்கு வாடகைக் கணக்கை ஒளிக்காமல் போட வேண்டும் என்று தோன்றியது, அதைக் கீழே சொல்கிறேன்.

உண்மையில் வழியைக் காட்டியது அந்த மட்டக்களப்புப் பிள்ளை. அவளுடைய ஊரில் கூத்துப் பழக்கம் மாதக்கணக்கில் இரவிரவாக நடக்கும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு ஆடுகளமான களரியில், சுற்றிவரச் சனம், தாயின் மடியில் படுத்துக்கொண்டே பார்க்கிற குஞ்சு குருமன்கள். "நான் ஒருநாளும் பழகப் போகேல்ல அக்கா, கடைக்குப் போய்வர அந்தக் களரிக்கரையாலதான் போகவேணும், அதால எனக்கு எல்லாம் தெரியும்." பழகுகிறவர்கள் பிழை விடுவார்கள், அண்ணாவியார் ஏசுவார், திரும்ப ஆடுவார்கள், இவள் கையில் சீனிப் பையோடு நின்று பார்த்துவிட்டுப் போவாள். அரங்கேற்றத்தை விட அவளுக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பிழைகள்.

அதைக் கேட்டபிறகு இரண்டாவது பிளான் தானாக வந்தது. படுக்கையிலிருந்து குசினிக்குப் போகிற வழி வேலை நடக்கிற இடத்துக்கு ஊடாகப் போக வேண்டும். அவ்வளவுதான் என்னுடைய முழுச் சித்தாந்தமும். முன் விறாந்தைக்கும் நடு மண்டபத்துக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்து ஒரு பெரிய கூடம். அறைகள் எட்டு, ஆளுக்கு ஒன்று, ஒன்பதுக்கு எட்டு அடி, கட்டிலும் அலுமாரியும் ஒரு சின்ன யன்னலும். படிக்கிற மேசை அறைக்குள் இல்லை, கூடத்தின் கரையில் நீளமாக ஒரே பலகை. குசினி கூடத்துக்கு அந்தப் பக்கம், இடையில் அரைச்சுவர் மட்டும். தேத்தண்ணி வைக்க எழும்புகிறவள் யாரோ பாதியில் விட்ட படத்தைப் பார்க்காமல் போகமுடியாது.

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், பெருமையாகத்தான். மூவருக்கும் பிடித்தது. ஹட்டன் பிள்ளை கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, எனக்கு ஒருத்தரோடயும் கதைக்க விருப்பமில்லாத நாளில எந்தப் பக்கத்தால குசினிக்குப் போறது?"

நான் யோசிக்கவேயில்லை. மாதத்தில் நாலு நாள், சோதனைக்கு முதல் கிழமை, வீட்டிலிருந்து ஒரு மோசமான அழைப்பு வந்த இரவு, இப்படிப்பட்ட நேரங்களில் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் நடந்துபோய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அது வேறு ஒரு வகைப் பகிடிவதை. பழைய ஹொஸ்டல் நடையைத் திட்டிவிட்டு நான் அதையே அகலமாகக் கட்டியிருந்தேன். இப்போது பின்பக்கம் கிணற்றடியோடு ஒரு ஒடுங்கிய தாழ்வாரம் இருக்கிறது, அறைகளின் பின்கதவிலிருந்து குசினிக்கும் குளியலறைக்கும். மூன்றடி அகலம்தான். பிளானில் கடைசியாகச் சேர்த்த அந்த மூன்றடிதான் இந்த வீட்டில் ஆகப் பெறுமதியானது என்று இப்போது நினைக்கிறேன்.

இனிக் கொஞ்சம் தொழில் கதை. வெளிச்சம். ஓவியம் வரைகிற இடத்துக்கு வடக்கு யன்னல் வை, வெயில் நேரே படாது, ஒரே சீரான வெளிச்சம் என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அது ஐரோப்பியருக்குச் சரி. திருகோணமலை இருப்பது வடக்கே எட்டரைப் பாகையில், சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து, அதன்பிறகு ஆவணி நடுப்பகுதி வரைக்கும் எங்களுக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அந்த நாலரை மாதமும் வடக்கு யன்னல் வெயில் யன்னல். நடுப்பகல் பிரச்சினை இல்லை, சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் மூன்றடித் தாழ்வாரக் கூரை மறைத்துவிடும், காலையிலும் பின்னேரமும்தான் சாய்ந்து உள்ளே வரும். அதற்கு யன்னலின் இரண்டு பக்கமும் வெளியே ஒன்றரை அடிக்குச் செங்குத்தாகச் சுவர் நீட்டியிருக்கிறேன். மேசன் அண்ணை "இதென்ன தங்கச்சி, யன்னலுக்குக் காது வைக்கிறீங்கள்?" என்று கேட்டார். வைகாசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, பிறகு ஒன்றும் பேசவில்லை.

சத்தம் அதைவிடக் கஷ்டம். சுவரைத் தடிப்பாகக் கட்டினால் சத்தம் போகாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுவரின் பாரத்தை இரட்டிப்பாக்கினாலும் குறைவது சுமார் 6 டெசிபல், காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபல் குறைய வேண்டும். அதோடு கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் யன்னலை அடைத்துக்கொண்டு யார் இருப்பது? யன்னல் திறந்தால் சுவர் எத்தனை அங்குலமாக இருந்தும் பயனில்லை. அதனால் தடிப்பை விட்டுவிட்டு இடத்தை மாற்றினேன். வாசிக்கிற சின்ன அறை ரோட்டுப் பக்க மூலையில், அதற்கும் படுக்கை அறைகளுக்கும் நடுவில் குளியலறைகளும் சாமான் அறையும். மிருதங்கம் இரவு எட்டு மணி வரைக்கும், வயலின் ஒன்பதரை வரைக்கும். பக்கத்து வீட்டு மாமி இப்போதே "சத்தம் வருமோ?" என்று கேட்டுவிட்டார். சீசனில் கடற்கரை ஹோட்டல்களின் பாட்டு விடிய விடிய இடிக்கும்போது ஒருவரும் மூச்சு விடுவதில்லை, ஒரு பிள்ளை சரளி வரிசை வாசித்தால்தான் எல்லோருக்கும் தலையிடி.

மாரியில் வேறு பிரச்சினை. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை, போதாததற்குக் கடல் உப்பு. மிருதங்கத் தோல் தளரும், வயலின் கம்பி துருப்பிடிக்கும், கடதாசி பூஞ்சணம் பிடிக்கும். இதற்குப் பெரியம்மாவிடம் பழைய மருந்து ஒன்று இருந்தது: இறுக்கமாக மூடுகிற அலுமாரி, அடித்தட்டில் 15 வாட் பழைய குமிழ் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எல்.ஈ.டி. சரிவராது, அது சூடாகாது. அந்தப் பழைய குமிழைத் தேடி டவுனில் ஐந்து கடை ஏறி இறங்கினேன்.

தரையைப் பற்றித்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. நான் ரைல்ஸ் போடுவோம், கழுவ இலகு என்றேன். பெரியம்மா தன்னுடைய முழங்காலைக் காட்டினார். இத்தனை வருசம் சீமெந்துத் தரையில் தட்டடவு, நாட்டடவு என்று மிதித்ததன் கணக்கு அந்த முழங்காலில் இருக்கிறது. சீமெந்து கொஞ்சமும் இறங்கிக் கொடுக்காது, மிதிக்கிற அடி முழுவதும் எலும்புக்கே திரும்பி வரும். சாணி மெழுகிய மண் தரையில் பழகிய தன் குருவுக்கு எண்பது வயதிலும் கால் வலி இருக்கவில்லை என்று சொல்வார், அதில் எத்தனை வீதம் உண்மையோ தெரியாது, ஆனால் தத்துவம் சரி. கடைசியில் கூடத்தில் பாதிக்கு மரத்தரை என்று ஒத்துக்கொண்டேன். கூரை மாற்றியபோது கழற்றிய பனஞ்சலாகைகளை அடியில் ஒரு முழத்துக்கு ஒன்றாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் கீழும் தடித்த றப்பர் துண்டு, மேலே பிளைவுட் இரண்டு படை, ஒன்றுக்கொன்று குறுக்காக. கறையானுக்கு மருந்து, காற்றுப் போகச் சுவரோடு அரை அங்குலம் இடைவெளி. றப்பர் பழைய லொறி ரயரில் வெட்டியது.

கண்ணாடி வைப்பதா இல்லையா என்றும் கொஞ்சம் இழுபறி. கண்ணாடி வைத்தால் பிள்ளைகள் தங்களையே பார்த்துக்கொண்டு ஆடுவார்கள் என்பது அவர் கட்சி. வைக்கவில்லை. 2004இல் கடல் வந்து நின்ற உயரம் அந்தச் சுவரில் ஒரு மங்கலான கோடாக இருக்கிறது, என் இடுப்பளவு. அதன்மேல் நிறம் பூச அவர் ஒருநாளும் விட்டதில்லை, இந்தமுறையும் விடவில்லை.

வாடகை. என்னுடைய முதல் பிளானில் 12 பேர், ஆளுக்கு 6,000, மாதம் 72,000 ரூபாய். இப்போது எட்டுப் பேர், ஆளுக்கு 7,000, ஆக 56,000. மாதம் 16,000 குறைவு. அதற்கு மேலே கூட்டலாம்தான், ஆனால் மகாபொலப் புலமைப்பரிசில் மாதத்துக்கு 2025இல்தான் 5,000இலிருந்து 7,500 ஆனது, அதைத் தாண்டி அறைக்கே போய்விட்டால் பிள்ளை எதைச் சாப்பிடுவது? சனி ஞாயிறு காலையில் பெரியம்மா திரும்ப வகுப்பு எடுக்கப் போகிறார், அக்கம்பக்கத்துக் குட்டிகளுக்கு. அந்தக் காசில் துண்டு விழுவது கொஞ்சம் அடைபடும். அவருக்கு அங்கே தங்குகிற பிள்ளைகளுக்கும் நேர அட்டவணை போட ஆசை, திங்கள் பாட்டு, செவ்வாய் ஆட்டம் என்று. நான் விடமாட்டேன் என்று நிற்கிறேன். பத்து வருசம் அட்டவணையில் பழகி நிறுத்திய பிள்ளைகள் அவர்கள். கிண்ணியாப் பிள்ளை கவிதையை ஒருநாளும் வாசித்துக் காட்டாமலே போகட்டும், கூடத்துப் பலகையில் இருந்து எழுதினால் காணும். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

நேற்று மரத்தரையில் முதல் பாதி முடிந்தது. பாஸ் அண்ணை கடைசி ஆணியை இறுக்கியதும் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிச் செருகி, மெதுவாக மிதித்துப் பார்த்தார். தையா தை. நடுவில் சரி. யன்னல் கரையில் சரி. குசினிப் பக்க மூலைக்குப் போனதும் நின்றார், திரும்ப மிதித்தார், தலையைச் சரித்துக் கேட்டார்.

"இஞ்சை கீழ றப்பர் வைக்கேல்ல, தம்பி."

பாஸ் அண்ணை இல்லையென்று சாதித்தார். ஆணிகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், உண்மைதான், இரண்டு துண்டு குறைகிறது. சனிக்கிழமை வந்து திரும்பப் போடுகிறாராம்.